மல்லிகை கடக்கும் 2,925 கிலோமீட்டர்

லிட்டில் இந்தியாவில் பஃப்ளோ சாலையிலும் கேம்பல் லேனிலும் உள்ள பூக்கடைகளில் முழம் போட்டு விற்கும் மல்லிகையில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருவது. மல்லிகை கொஞ்சம் பிடிவாதமான பூ. விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால் அன்று மாலையே விரியத் தொடங்கிவிடும். விரிந்த பூவைத் தொடுப்பதும் கடினம், விற்பதும் கடினம். குளிர்ச்சியான பெட்டியில் வைத்தால் விரிவது சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆகவே தோட்டத்துக்கும் தேக்காவுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்பது பூ வியாபாரிக்குப் பொது அறிவுக் கேள்வி அல்ல, அன்றைய வருமானம்.

தொலைவைத் தெரிந்துகொண்டு விமானத்தின் வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். செய்து பாருங்கள், வராது. சென்னை–சிங்கப்பூர் கணக்கில் ஒரு மணி நேரம் எங்கோ காணாமல் போகும். கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் குழப்பம்: போகும்போது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் தெரியும் பயணம், திரும்பி வரும்போது ஏழு மணி நேரம்போலத் தெரியும். அந்த மணி நேரங்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பித்தகோரஸ் போதும்... சில நேரம்

முதலில் தொலைவு. சென்னை விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 13.0 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 80.2 பாகையிலும் இருக்கிறது. சாங்கி விமான நிலையம் வடக்கு 1.4, கிழக்கு 104.0. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கி.மீ.

தெற்கு நோக்கிய வித்தியாசம் 11.6 பாகை. 111.2ஆல் பெருக்கினால் 1,290 கி.மீ. கிழக்கு நோக்கிய வித்தியாசம் 23.8 பாகை. இதை அப்படியே பெருக்கக்கூடாது. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில்தான் நன்றாக விலகி நிற்கும். துருவங்களை நெருங்க நெருங்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உரித்த ஆரஞ்சின் சுளைகள் நடுவில் அகன்று முனைகளில் குறுகுவதுபோல. அதனால் இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையான 7.2 பாகையின் கொசைன் மதிப்பாலும் பெருக்க வேண்டும். அது 0.992. விடை 2,625 கி.மீ.

இப்போது 1,290, 2,625 இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். கர்ணத்தைக் கண்டுபிடித்தால் 2,925 கி.மீ. கோள வடிவத்துக்கான முழுச் சூத்திரத்தைப் போட்டுக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ இதே விடைதான். உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டு மேசையில் உட்கார்ந்தபடியே வங்காள விரிகுடாவை அளந்துவிட்டோம். திருச்சிக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 2,980 கி.மீ. வரும். திருச்சி சென்னையைவிடத் தெற்கே இருக்கிறது, ஆகவே சிங்கப்பூருக்குக் கிட்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது மேற்கே ஒன்றரைப் பாகை தள்ளியும் இருக்கிறது. தெற்கில் கிடைத்த லாபத்தை மேற்கு தின்றுவிடுகிறது.

இந்தக் கோட்டை நிலப்படத்தில் வரைந்தால் அது எதன்மேல் போகிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து தென்கிழக்கே கடலைக் கடந்து, இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனைக்கு மிக அருகில் செல்கிறது. பெரிய நிக்கோபார் தீவின் முனை அது. 2004 சுனாமியின்போது நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோன நிலம். அங்கிருந்து கோடு சுமத்ராவின் வடமுனையான ஆச்சே பகுதியை ஒட்டி, மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, அதன் வழியாகவே சிங்கப்பூருக்கு வருகிறது. முதலாம் இராசேந்திர சோழனின் கடல் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டுப் பட்டியலில் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்ற பெயர்கள் வருகின்றன. முதலாவது நிக்கோபார், இரண்டாவது வட சுமத்ரா, மூன்றாவது மலேசியாவின் கெடா என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மாலுமிகள் கோள முக்கோணவியல் படித்தார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. தீவுகளும் நீரிணையும் அந்தத் திசையில் அமைந்துவிட்டன. காற்றை நம்பிய கப்பலுக்கும் எரிபொருளை நம்பும் விமானத்துக்கும் அதே வழி வசதியாகப் போய்விட்டது.

நியூயார்க்கில் கணக்கு உடைகிறது

இதே வழியை உலகின் மிக நீளமான விமானப் பயணத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். அது சாங்கியிலிருந்துதான் புறப்படுகிறது: சிங்கப்பூர்–நியூயார்க். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கு 40.6, மேற்கு 73.8. தெற்கு வடக்கு வித்தியாசம் 39.2 பாகை. கிழக்கு மேற்கு வித்தியாசம் 104.0ஐயும் 73.8ஐயும் கூட்டி 177.8 பாகை. பித்தகோரஸிடம் கொடுத்தால் ஏறத்தாழ 18,960 கி.மீ. என்கிறார். உண்மையான மிகக் குறைந்த தொலைவு ஏறத்தாழ 15,340 கி.மீ. 3,600 கிலோமீட்டருக்கும் மேல் பிழை! சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொலைவைவிடப் பெரிய பிழை.

காரணம் எளிது. சிறிய பரப்பில் பூமி ஏறக்குறைய தட்டை. பித்தகோரஸ் வேலை செய்வார். பெரிய தொலைவில் அது உருண்டை என்பதை மறைக்க முடியாது. தீர்க்கரேகை வித்தியாசம் 177.8 பாகை என்றால், நியூயார்க் கிட்டத்தட்ட பூமியின் நேர் எதிர்ப்பக்கத்து ரேகையில் இருக்கிறது. ஒரு மலையின் மறுபக்கத்திலுள்ள ஊருக்கு அடிவாரத்தைச் சுற்றியும் போகலாம், உச்சியின் மேலேறியும் போகலாம் இல்லையா? இங்கே மலைபோல ஏற வேண்டிய சிரமம் இல்லை, பந்தின் மேல்பக்கமாகப் போகிறோம், அவ்வளவுதான். அந்தக் குறுக்குவழி வட துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் செல்கிறது.

இதை நம்பக் கடினமாக இருந்தால் பள்ளி நூலகத்தில் உள்ள உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்து, மறுமுனையை நியூயார்க்கில் இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே ஆர்க்டிக் பக்கம் நழுவிப் போகும். உருண்டையின் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கும் இந்த வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். சுவரில் மாட்டிய நிலப்படத்தில் விமானப் பாதைகள் வில்போல வளைந்திருப்பதைப் பார்த்து விமானி ஏன் சுற்றி வளைத்துப் போகிறார் என்று நினைக்கிறோம். வளைந்திருப்பது பாதை அல்ல, உருண்டையைப் பிய்த்துத் தட்டையாக்கிய அந்தப் படம்தான்.

காணாமல் போன ஒரு மணி நேரம்

இனி நேரம். பெரிய விமானங்கள் உயரத்தில் மேக் 0.85 என்ற வேகத்தில் பறக்கும். அதாவது ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. சிங்கப்பூர்த் தெருவின் 30 பாகை வெயிலில் அது மணிக்கு 1,250 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். 11 கி.மீ. உயரத்தில் குளிர் உறைநிலைக்கும் கீழே 56 பாகை என்ற அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் சுமார் 1,060 கி.மீ. ஆகவே விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் கொஞ்சம் நிதானம், சுமார் 830 கி.மீ.

2,925ஐ 900ஆல் வகுத்தால் 3 மணி 15 நிமிடம். 830ஆல் வகுத்தால் 3 மணி 31 நிமிடம். ஆனால் பயணச்சீட்டில் சென்னைப் பயணத்துக்கு நாலேகால் மணி நேரம், சில சேவைகளில் அதற்கும் சற்றுக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள்.

மிச்ச நேரம் எங்கே போனது? விமான நிறுவனத்தின் கடிகாரம் சக்கரம் தரையை விட்டு எழும்போது தொடங்குவதில்லை. வாயிலை விட்டு விமானம் பின்னுக்கு நகரும்போது தொடங்கி, அடுத்த ஊரின் வாயிலில் நின்றபின்தான் முடிகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்ல, வரிசையில் காத்திருக்க, இறங்கியபின் மறுபடி ஊர்ந்து செல்ல என்று இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி நேரம் எளிதில் கரைந்துவிடும். எழுந்த விமானம் முழு உயரத்தை எட்ட இருபது நிமிடத்துக்கும் மேலாகும். அதுவரை முழு வேகம் கிடையாது. இறங்குவதற்கோ ஏறத்தாழ 200 கி.மீ. முன்பே வேகத்தையும் உயரத்தையும் குறைக்கத் தொடங்கிவிடுவார்கள். சாங்கியின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்தவை. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே இறங்க விரும்பும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், வடமேற்கிலிருந்து வரும் சென்னை விமானம் தெற்குப் பக்கம் சுற்றிப் போய், வடக்கு நோக்கித் திரும்பி இறங்க வேண்டியிருக்கும். கடைசியாக, தாமதம் என்ற கெட்ட பெயரைத் தவிர்க்க நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைச் சேர்த்தே அச்சிடுகின்றன. "இன்று இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு பகுதி விமானியின் திறமை, ஒரு பகுதி அட்டவணை போட்டவரின் சாமர்த்தியம்.

பூமி சுழல்கிறதே, அது உதவாதா?

வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ., விமானத்தைவிட அதிகம். அப்படியானால் சாங்கிக்கு மேலே ஒரு ஹெலிகாப்டரில் எழும்பி அசையாமல் நின்றுகொண்டால், ஒன்றரை மணி நேரத்தில் சென்னையே நம் காலடிக்கு வந்துவிட வேண்டுமே?

வராது. ஓடும் எம்ஆர்டி ரயிலுக்குள் நின்று குதித்துப் பாருங்கள். குதித்த இடத்திலேயே இறங்குவீர்கள். பின்னால் உள்ள கதவு உங்கள் மேல் வந்து மோதாது. நீங்களும் பெட்டிக்குள் உள்ள காற்றும் ரயிலின் வேகத்தோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரும் அதன்மேல் உள்ள காற்றும் ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அப்படித்தான், பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் சுழற்சியால் நேரடி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் வேறுபடுத்துவது காற்று. விமானத்தின் 900 கி.மீ. வேகம் என்பது அதைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டுச் சொல்வது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால், தரையை ஒப்பிட்ட வேகம் கூடும் அல்லது குறையும். ஆற்றில் நீந்துபவருக்கு இது தெரியும்.

பாடநூல்களில் பொதுவாக, உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, எனவே கிழக்கு நோக்கிய பயணம் விரைவு என்று இருக்கும். ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா இருக்கும் அட்சரேகைகளுக்கு அது சரி. நம் பாதைக்குச் சரியல்ல. ஜூன் முதல் செப்டம்பர்வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. கோடையில் திபெத் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் தெற்கே உள்ள கடலைவிடச் சூடாகிவிடுவதால் உண்டாகும் ஓட்டம் இது. இதை வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டம் என்பார்கள். 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம், பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். தரையில் தென்மேற்கிலிருந்து மழைக்காற்று வீச, தலைக்கு மேலே 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து இன்னொரு காற்று ஓடுகிறது. விமானங்கள் அதன் அடிப்பகுதியில் பறக்கின்றன.

கணக்குக்காக அந்தக் காற்று மணிக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும்போது தரைவேகம் 950. வானில் 3 மணி 5 நிமிடம். சென்னையிலிருந்து வரும்போது தரைவேகம் 850. 3 மணி 26 நிமிடம். ஆக, ஜூலை மாதத்து மல்லிகை, காற்றில்லாத நாளைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகப் பெட்டிக்குள் இருக்கும்.

இங்கே ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. போகும்போது காற்று உதவியது, வரும்போது தடுத்தது. இரண்டும் சரிக்குச் சரி என்றுதானே தோன்றும்? இல்லை. 5,000 கி.மீ. தொலைவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் 900 கி.மீ. வேகத்தில் போய் வர 11 மணி 7 நிமிடம். மணிக்கு 150 கி.மீ. காற்று வீசினால், ஒரு பக்கம் 1,050 கி.மீ. வேகம், 4 மணி 46 நிமிடம். மறுபக்கம் 750 கி.மீ. வேகம், 6 மணி 40 நிமிடம். மொத்தம் 11 மணி 26 நிமிடம். ஏறத்தாழ 19 நிமிடம் நட்டம். உதவும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம், தடுக்கும் காற்றில்தான் அதிக நேரம் கழிக்கிறோம். அதனால் போகவும் வரவும் ஒரே பாதை என்றால், காற்று ஒருபோதும் கடனை முழுதாகத் திருப்பித் தராது.

அதற்குத்தான் விமான நிறுவனங்கள் பாதையையே மாற்றிவிடுகின்றன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் வழக்கமாகத் துருவத்தை நோக்கிப் போவதில்லை. பசிபிக் பக்கம் திரும்பி, ஜப்பானை ஒட்டிய வானில் ஓடும் மேலை ஜெட் காற்றில் ஏறிக்கொள்கிறது. குளிர்காலத்தில் அங்கே காற்று சில நேரம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். இந்தப் பாதை 16,000 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆனாலும் நேரம் மிச்சம். 15,340 கி.மீ. தூரத்தைச் சராசரியாக 50 கி.மீ. எதிர்காற்றில் கடக்க 18 மணி நேரம் ஆகும். 16,500 கி.மீ. தூரத்தை 70 கி.மீ. பின்காற்றில் கடக்க 17 மணி நேரம் போதும். திரும்பி வரும்போது பல நாள்களில் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக வருகிறது. அதுவும் கிழக்கு நோக்கித்தான்! அப்படிப் போய் வருபவர் உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார் என்று அர்த்தம். பக்கத்து இருக்கைக்காரருக்கு அது தெரியாமலேயே தூங்கிக்கொண்டிருப்பார்.

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

18 மணி நேரம் நிற்காமல் பறப்பதில் உண்மையான சிக்கல் தூரம் அல்ல, எடை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏ340-500 விமானத்தைக் கொண்டு நியூயார்க்குக்கு அருகிலுள்ள நியூவர்க்குக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின்கள் கொண்ட விமானம் அது. எரிபொருள் விலை ஏறியதும் தாங்கவில்லை; 2013 நவம்பரில் சேவை நின்றது. இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900யூஎல்ஆர் வந்தபின், 2018 அக்டோபர் 11ஆம் தேதி மறுபடி தொடங்கியது.

இந்த விமானத்தின் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். சாதாரண ஏ350ஐவிட 24,000 லிட்டர் கூடுதல். ஒரு லிட்டர் விமான எரிபொருள் சுமார் 0.8 கிலோ எடை. தொட்டிகள் நிரம்பினால் 132 டன். விமானம் புறப்படக்கூடிய அதிகபட்ச எடையோ 280 டன். அதாவது ஏறத்தாழ பாதி எடை எரிபொருளே. பயணத்தின் முதல் சில மணி நேரங்களில் எஞ்சின்கள் செலவழிக்கும் எரிபொருளில் கணிசமான பங்கு, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைத் தூக்கிப் பிடிப்பதற்கே போய்விடுகிறது. வீட்டிலிருந்து ஒரு மாதத்துக்குத் தண்ணீரை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குபவரின் நிலைமை இது. அதனால்தான் மற்ற நீண்டதூர ஏ350களில் 253 இருக்கைகள் வைத்த அதே நிறுவனம், இதில் 161 மட்டுமே வைத்தது. எரிபொருள் தீரத் தீர விமானம் இலகுவாகி, படிப்படியாக இன்னும் உயரத்துக்கு ஏறும்; மெல்லிய காற்றில் இழுவை குறைவு. முன்னிருக்கைத் திரையில் உயரம் 31,000 அடி, 35,000 அடி, 39,000 அடி என்று மாறுவதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

வேகத்தைக் கூட்டி நேரத்தைக் குறைக்க முடியாதா? அதையும் சிங்கப்பூர் முயன்று பார்த்திருக்கிறது. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இணைந்து, ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் பறக்கும் கான்கார்ட் விமானத்தை லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் பாதையில் விட்டன. ஒலியை மிஞ்சும் விமானம் போகும் வழியெல்லாம் இடிபோன்ற சத்தத்தைத் தரையில் விட்டுச் செல்லும். மலாக்கா நீரிணைமேல் அப்படிப் பறக்க மலேசியா எதிர்ப்புத் தெரிவிக்க, மூன்றே சுற்றுப் பயணங்களோடு சேவை நின்றது. 1979இல் மீண்டும் தொடங்கி 1980 நவம்பரில் நிரந்தரமாக முடிந்தது. இன்று பயணிகள் விமானங்கள் ஒலிவேகத்துக்குக் கீழேயே இருக்கின்றன. உங்கள் தாத்தா இளமையில் ஏறிய ஜெட் விமானத்தைவிட இன்றைய விமானம் அதிக வேகத்தில் போவதில்லை. குறைந்த எரிபொருளில் போகிறது. ஆனால் அவருடைய தந்தை 'ரஜூலா' கப்பலில் வந்திருந்தால் கதையே வேறு. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. மல்லிகை வந்திருக்க வாய்ப்பே இல்லை.

கடிகாரம் சொல்லும் பொய்

மிச்சமிருப்பது கடிகாரக் குழப்பம். சிங்கப்பூரில் காலை 8 மணிக்குப் புறப்படும் ஒரு விமானம் சென்னையில் காலை 9.45க்குச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 1 மணி 45 நிமிடம். இரண்டு நேரங்களும் வெவ்வேறு ஊரின் கடிகாரம் காட்டுபவை என்பதால் அந்தக் கழித்தலுக்கு அர்த்தமே இல்லை. சென்னை 2 மணி 30 நிமிடம் பின்தங்கியது. அதைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடம். இரவு 11 மணிக்குச் சென்னையில் ஏறி, மறுநாள் காலை 5.45க்குச் சாங்கியில் இறங்கினால் 6 மணி 45 நிமிடம்போலத் தெரியும். இப்போது இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். மறுபடி 4 மணி 15 நிமிடம். பாதுகாப்பான வழி, இரண்டு நேரங்களையும் முதலில் ஒரே ஊரின் நேரமாக மாற்றிவிட்டு அப்புறம் கழிப்பது.

2018இல் தொடங்கிய அந்த முதல் நியூவர்க் விமானத்தையே எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இரவு 11.37க்குக் கிளம்பியது, மறுநாள் காலை 5.29க்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே இரவுப் பயணம்போல இருக்கிறதல்லவா? அக்டோபரில் நியூயார்க் நேரம் சிங்கப்பூருக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால். அங்கே காலை 5.29 என்றால் இங்கே மாலை 5.29. விடை 17 மணி 52 நிமிடம். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால் வித்தியாசம் 13 ஆகிவிடும்.

இது வெறும் விடுகதை அல்ல. பாட்டியோடு சென்னைக்குப் போகிறீர்கள். அவர் தினமும் சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஒரு மாத்திரை போடுபவர். அங்கே போய் உள்ளூர்க் கடிகாரப்படி 8 மணிக்குப் போட்டால், இடைவெளி 24 மணி நேரம் அல்ல, 26 மணி 30 நிமிடம். 24 மணி நேரம் மாறாமல் இருக்க வேண்டுமானால் மாலை 5.30க்கே போட வேண்டும். பல மாத்திரைகளுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. இன்சுலின் போன்ற சிலவற்றுக்கு இது முக்கியம். பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கூர்ந்து பார்த்தால் அந்த இரண்டரை மணி நேரத்திலேயே ஒரு விநோதம் இருக்கிறது. பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 23.8 பாகை. சூரியனை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 1 மணி 35 நிமிடம்தான் இருக்க வேண்டும். மீதி 55 நிமிடம் மனிதர்கள் சேர்த்தது. சிங்கப்பூர் 104ஆம் தீர்க்கரேகையில் இருந்துகொண்டு 120ஆம் தீர்க்கரேகையின் நேரத்தைப் பின்பற்றுகிறது. அதனால்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு. பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. போருக்குப் பின் 1981வரை சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டு மணி நேரம் மட்டுமே முன்னால் இருந்தது. சபா, சரவாக்கின் நேரத்தோடு தீபகற்பத்தின் நேரத்தையும் ஒன்றாக்க மலேசியா முடிவு செய்தபோது, சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, புத்தாண்டு பிறந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் கடைசி முப்பது நிமிடங்கள் சிங்கப்பூரில் நடக்கவே இல்லை.